பெயர் சொல்லாமல் சொன்ன கதை
அத்தியாயம் 9

போன வாரம் நம் மைக்கை எந்த இடத்தில் விட்டோம் என்று ஞாபகம் இருக்கிறதா? கல்லூரியின் இரண்டாம் மாடியில், நாற்பத்திரண்டு பேர் விடாமல் கைதட்ட, காது மடல் சிவக்க நின்றுகொண்டிருந்தாள். அப்போதே அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்திருக்க வேண்டும். ஒரு வாரம் அங்கேயே நிற்க விட்டது என் தப்பு.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மைக் என்பது வீட்டில் வைத்த பட்டப்பெயர். ஐந்து வயதிலேயே அவள் பேசினால் அடுத்த தெருவுக்குக் கேட்குமாம். இப்போது லேப் டெக்னீஷியன் படிப்பில் இரண்டாம் வருடம். அந்தக் கல்லூரியில் எச்.ஐ.வி. பற்றி மாணவர்களுக்கு மாணவர்களே சொல்லிக்கொடுக்கிற ஒரு குழு இருக்கிறது. மூன்று நாள் பயிற்சி எடுத்துக்கொண்டு, முதல் வருடப் பிள்ளைகளுக்கு இரண்டு நாள் வகுப்பு நடத்த வேண்டும். வாத்தியார் சொன்னால் நெளிகிறவர்கள், நம்மை மாதிரி ஒருத்தி சொன்னால் காது கொடுப்பார்கள் என்று இந்த ஏற்பாடு. அதனால் வகுப்பு நடக்கும்போது ஆசிரியர் யாரும் உள்ளே இருக்கக் கூடாது. வாய் திறந்து கேட்கக் கூச்சமாக இருந்தால், பெயர் போடாமல் துண்டுச் சீட்டில் எழுதி வகுப்பு வாசலில் இருக்கும் அட்டைப் பெட்டியில் போடலாம்.

பயிற்சியில் மூன்று விஷயங்களை அவர்கள் தலையில் குட்டிக் குட்டிச் சொல்லியிருந்தார்கள். யாரையும் எடை போடாதே. தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லாதே. உன்னுடையது இல்லாத கதையைச் சொல்லாதே.

முதல் இரண்டையும் மைக் ஒழுங்காகத்தான் கடைப்பிடித்தாள். மூன்றாவதைச் செவ்வாய்க்கிழமை பிற்பகல் கோட்டை விட்டாள்.

அன்று வகுப்பு அவள் கைக்கு அடங்கவில்லை. தொட்டால் வராது, ஒரே டம்ளரில் குடித்தால் வராது, கொசு கடித்தால் வராது என்று அவள் சொல்லச் சொல்ல, பின் பெஞ்சில் ஒருவரை ஒருவர் தோளில் தொட்டு 'வராது, வராது' என்று விளையாடிக்கொண்டிருந்தார்கள். பெட்டியைத் திறந்தால் ஒரு சீட்டில், இதெல்லாம் போஸ்டரிலேயே இருக்கிறதே, உங்களுக்கு நிஜமாக அப்படி யாரையாவது தெரியுமா என்று இருந்தது. தெரியும் என்றாள். எனக்கு ரொம்ப நெருங்கியவர், எட்டு வருடமாகத் தினமும் ஒரு மாத்திரை, ரத்தத்தில் வைரஸ் டெஸ்டில்கூடத் தெரியாத அளவுக்குக் குறைந்து ஐந்து வருடம் ஆகிறது, மாத்திரையை விடாதவரை உடலுறவில்கூட அவரிடமிருந்து யாருக்கும் போகாது, உங்களையும் என்னையும்போல் வேலைக்குப் போய் வருகிறார் என்றாள். வகுப்பு கப்சிப் ஆனது.

என்ன வேலை என்று யாரோ கேட்டார்கள். அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். அத்தனை பேர் வாயைப் பிளந்துகொண்டு கேட்கிற சுகம் இருக்கிறதே, அது யாரை விட்டது? "உங்க எல்லாரோட தோள் அளவும் அவருக்குத் தெரியும்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள். அப்புறம்தான் அந்தக் கைதட்டல். பெயரைச் சொல்லவில்லையே, எவ்வளவு சாமர்த்தியமாகச் சொன்னோம் என்று வீடு வரைக்கும் பெருமை வேறு.

முதல் வருடப் பிள்ளைகள் நாற்பத்திரண்டு பேருக்கும் வெள்ளைக் கோட்டு தைக்க, முந்தின வாரம்தான் ஒரே ஒரு ஆள் வந்து அளவு எடுத்துவிட்டுப் போயிருந்தார். அவர் மைக்கின் அம்மாவுடைய தம்பி.

இனி, புதன்கிழமை.

* * *

மாமாவின் தையல் கடை கல்லூரி வாசலுக்கு நேர் எதிரே, ஜெராக்ஸ் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில் இருந்தது. இரண்டு மிஷின், ஒரு வெட்டு மேஜை, உடை மாற்றிப் பார்க்க ஒரு திரை. அவ்வளவுதான் இடம். மாணவர்களுக்கு அவர் 'மாஸ்டர்'. கழுத்தில் அளவு டேப் இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் கிடையாது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்கா வீட்டில்தான் இருக்கிறார். மைக்கின் அப்பா வெளியூர் வேலையில் இருப்பதால் இந்த வாரமும் நம் கதைக்குள் வரமாட்டார்.

காலையில் மாமா மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டுப் போய்விட்டார். கல்லூரிக்குப் போகிற வழியில் அதைக் கொடுக்க மைக் கடைக்குள் நுழைந்தபோது, தைத்து முடித்த கோட்டுகளை அவர் சைஸ்வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார். முப்பத்தொன்று முடிந்துவிட்டது. மீதிக்குக் கை மட்டும் வைக்க வேண்டும். திங்கட்கிழமை பிள்ளைகளுக்கு லேப் ஆரம்பம். அதற்குள் கொடுத்துவிடலாம் என்று உற்சாகமாக இருந்தார்.

அந்த நேரத்தில்தான் முதல் வருட வகுப்புக்குத் தலைவியான ரெப்பும் இன்னும் இரண்டு பெண்களும் வந்து நின்றார்கள். உள்ளே வரவில்லை. வாசற்படிக்கு வெளியிலேயே நின்றார்கள்.

ரெப் நல்ல பெண்தான். குரலைத் தாழ்த்தி, சுற்றி வளைத்து, மென்று விழுங்கிச் சொன்னாள். ரெடிமேட் கோட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று எல்லோரும் பேசி முடிவு செய்துவிட்டார்களாம். மாஸ்டர் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாதாம்.

மாமா தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அளவில் ஏதோ சந்தேகம் என்று நினைத்துக்கொண்டார். ஒரு கோட்டை உதறி, இரண்டு தோளிலும் பிடித்து, வாம்மா, போட்டுப் பார், ஒரு நூல் கூடக்குறைய இருந்தாலும் பிரித்துத் தைத்துத் தருகிறேன் என்று நீட்டினார். ரெப் ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

பக்கத்தில் நின்ற பெண்தான் கேட்டாள். "மாஸ்டர், தைக்கும்போது கையில ஊசி ஏறுமா?"

மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தொழிலைப் பற்றி யாராவது ஆசையாகக் கேட்டால் அவருக்குத் தாங்காது. "ஏறாமயா? இதோ பாரு" என்று இடது கை ஆள்காட்டி விரலை அவர்கள் முன்னால் நீட்டினார். "இந்த நகத்துக்குள்ளயே நாலு தடவை ஏறியிருக்கு. போன வாரம்கூட உங்க கோட்டு தைக்கறப்போதான்."

அந்தப் பெண் தன் இரண்டு கைகளையும் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள். இத்தனைக்கும் எதையும் அவள் தொடவில்லை.

மாமா அவள் கையைப் பார்த்தார். பிறகு தன் விரலைப் பார்த்தார். மூன்று முகங்களையும் வரிசையாகப் பார்த்தார். அப்புறம் மெதுவாக அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துக்கொண்டார், பள்ளிக்கூடத்தில் அடி வாங்கின பிள்ளை மாதிரி.

மைக் அங்கேதான் நின்றாள், கையில் கண்ணாடிக் கூட்டோடு. என்ன சொல்ல வேண்டும் என்பது அவளுக்கு அட்சரம் பிசகாமல் தெரியும். துணியில் காய்ந்துபோன ரத்தத்திலிருந்து யாருக்கும் தொற்றாது. அந்த வைரஸ் வெளியில் தாக்குப்பிடிக்காது. அதுவும் அவர் ரத்தத்தில் அது கண்டுபிடிக்கக்கூட முடியாத அளவில்தான் இருக்கிறது. நேற்று இதையே மாடி அதிரச் சொன்ன வாய் இன்று ஒட்டிக்கொண்டது. சொன்னால், அவர் முகத்துக்கு நேராக, ஆமாம் இவர்தான் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

ரெப் போகும்போது மைக்கிடம் பரிதாபமாகத் தலையசைத்துவிட்டுப் போனாள். நல்லவேளை, மாமா அதைக் கவனிக்கவில்லை. நீட்டின கோட்டைத் திரும்ப மடிப்பதில் மும்முரமாக இருந்தார். மடித்தது சரியில்லை என்று பிரித்தார், மறுபடியும் மடித்தார்.

மைக்குக்கு உடம்பெல்லாம் கூசியது. கண்ணாடியை மேஜை மேல் வைத்துவிட்டு, கிளாஸுக்கு நேரமாச்சு மாமா என்று ஓடிப்போனாள். ஓடிப்போனாள் என்றுதான் சொல்ல வேண்டும். பூசி மெழுக எனக்கு மனமில்லை.

* * *

அம்மா ஒரு பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கும் வேலையில் இருக்கிறாள். பல்வலிக்காரர்களைச் சமாளித்துப் பழகியதால் யார் என்ன கத்தினாலும் பதற மாட்டாள். ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்குத் திரும்பிப் போவாள். அன்று தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்த நேரம், தம்பி வந்து நின்றார். கடையைப் பாதி ஷட்டர் இறக்கிவிட்டு வந்திருந்தார்.

மைக்கும் வீட்டில் இருந்தாள். காலை முழுவதும் எந்தப் பாடமும் ஏறாமல், மதிய வகுப்பைக் கட்டடித்துவிட்டு வந்திருந்தாள். மாமாவின் செருப்புச் சத்தம் கேட்டதும் அடுக்களைக்குள் போய்த் தண்ணீர் குடிக்கிற சாக்கில் நின்றுகொண்டாள்.

மாமா சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எல்லோருக்கும் சுலபமாக இருந்திருக்கும். நாற்காலியில் உட்கார்ந்து, கழுத்திலிருந்த டேப்பை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டே, "அக்கா, யார்கிட்ட சொன்னே?" என்றார்.

இந்தக் கேள்விக்குப் பின்னால் எட்டு வருடக் கதை இருக்கிறது. அவருக்கு எச்.ஐ.வி. என்று தெரிந்த புதிதில், பாரத்தை ஒருத்தியாகச் சுமக்க முடியாமல் அம்மா தன் அண்ணனிடம் மட்டும் சொன்னாள். அந்த அண்ணன் அன்றிலிருந்து இந்த வாசற்படி மிதிக்கவில்லை. தம்பி தைத்துக் கொடுத்திருந்த சட்டைகளைக்கூட ஒரு பையில் போட்டு ஆள் மூலம் திருப்பி அனுப்பிவிட்டார். இனி செத்தாலும் யாரிடமும் வாய் திறக்க மாட்டேன் என்று அம்மா அன்றைக்குத் தம்பி கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வீட்டில் மூன்று பேருக்கு மட்டும் தெரிந்த விஷயம் அது. அப்பா, அம்மா, அப்புறம் பத்தாவது படிக்கும்போது மாத்திரை டப்பாவைப் பார்த்துத் தானே கேட்டுத் தெரிந்துகொண்ட மைக்.

"நான் யார்கிட்ட சொல்லப்போறேன்?" என்று ஆரம்பித்த அம்மா, சொல்லி முடிக்கவில்லை. அடுக்களை வாசலில் தெரிந்த மகள் முகத்தைப் பார்த்துவிட்டாள். அந்த முகத்தில் ஈயாடவில்லை. டம்ளரில் இருந்த தண்ணீர் பாதி துப்பட்டாவில் கொட்டியிருந்தது. பெற்றவளுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

அம்மா சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள்.

"ஆமாடா. நான்தான் சொன்னேன். ஆஸ்பத்திரில ஒருத்தி பேச்சுக் குடுத்தா. வாய் தவறிடுச்சு."

மாமா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணன்கிட்ட சொன்னப்போ மனசு தாங்காம சொல்லிட்டேன்னு விட்டுட்டேன். இது என்னக்கா? பொழுது போகலையா?"

 அம்மா தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். செய்யாத தப்புக்குத் தலையைக் குனிந்துகொண்டு அவள் உட்கார்ந்திருந்த கோலத்தை மைக் பார்த்துக்கொண்டேதான் நின்றாள். இப்போது சொல், இப்போது சொல் என்று உள்ளே ஒரு குரல் பிடரியைப் பிடித்துத் தள்ளியது.  ஊருக்கே கேட்கிற தொண்டையில் காற்று மட்டும் வந்தது.

மாமா சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார்.

அம்மா கையைக் கழுவிவிட்டு வந்து மகள் எதிரில் நின்றாள். எத்தனை பேரிடம் என்று மட்டும் கேட்டாள்.

"நாற்பத்திரண்டு" என்றாள் மைக்.

அம்மா சுவரில் சாய்ந்துகொண்டாள். பெயரைச் சொன்னாயா என்று கேட்டாள். இல்லை, தோள் அளவு தெரியும் என்று மட்டும்தான் சொன்னேன் என்று மைக் சொன்னபோது, அந்த 'மட்டும்தான்' அவளுக்கே அருவருப்பாக இருந்தது. எதற்குச் சொன்னாய் என்று அம்மா கேட்டாள். அவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள் அம்மா, யாரும் கேட்கவே இல்லை, நிஜமாக ஒருத்தரைப் பற்றிச் சொன்னால்தான் பயம் போகும் என்று நினைத்தேன் என்றாள். உண்மைதான். ஆனால் முழு உண்மை இல்லை. கைதட்டல் வரும் என்றும் நினைத்தாள். அதை அம்மாவிடம் சொல்லவில்லை.

நீ ஏன் அம்மா பழியை எடுத்துக்கொண்டாய் என்று அழுதாள்.

அம்மா அவளை அணைத்துக்கொள்ளவில்லை. "அவன் என்மேல கோபப்பட்டுப் பழகினவன். நாலு நாள் பேசாம இருப்பான், அப்புறம் வந்துடுவான். உன்மேல கோபப்பட அவனுக்குத் தெரியாது. உனக்கு மைக்குன்னு பேர் வெச்சதே அவன்தான். எங்க போனாலும் பெருமையா சொல்லிக்குவான்" என்றாள். பிறகு புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, எனக்கு டோக்கன் நேரமாகிவிட்டது என்று கிளம்பிப்போனாள். தட்டில் சோறு அப்படியே இருந்தது.

ஒரு வீட்டில் இரண்டு பேரை ஒரே நாளில் பட்டினி போட்டாயிற்று. மைக் அந்தத் தட்டை எடுத்து மூடி வைத்தாள். பத்து நிமிடம் அதன் பக்கத்திலேயே நின்றாள். பூமி பிளந்து விழுங்கட்டும் என்று பார்த்தாள். அது அவ்வளவு சுலபத்தில் பிளக்கவில்லை.

* * *

இரண்டரை மணிக்கு அவள் கடை வாசலில் நின்றபோது ஷட்டர் பாதி இறங்கித்தான் இருந்தது. குனிந்து உள்ளே போனாள். மாமா மிஷினில் உட்கார்ந்து, கை வைக்காத பதினொரு கோட்டுகளில் ஒன்றுக்குக் கை வைத்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போன கோட்டுக்கு எதற்குக் கை என்று கேட்க அவளுக்குத் தைரியம் இல்லை.

மிஷின் சத்தத்தில் சொல்வது சுலபமாக இருக்கும் என்று நினைத்து ஆரம்பித்தாள். அவர் காலை எடுத்துவிட்டார். மிஷின் நின்றது. மீதியை அந்த அமைதியில் சொல்ல வேண்டியதாயிற்று. வகுப்பு, சீட்டு, கேள்வி, தோள் அளவு, எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா பொய் சொன்னாள் மாமா, நான்தான் என்றாள். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னதால், மேஜைக்குக் கீழே கிடந்த வெட்டுத் துண்டுகளைத் தவிர எதையும் பார்க்கவில்லை.

மாமா ஊசியில் தொங்கிய நூலை அறுத்தார். அப்புறம் கேட்டார்.

"கை தட்டினாங்களா?"

"ம்."

"ரொம்ப நேரமா?"

மைக் தலையை மட்டும் ஆட்டினாள். அவள் அம்மாவிடம் மறைத்ததை இவர் நேராக வந்து தொட்டுவிட்டார். வெட்கத்தில் முகம் எரிந்தது. ஓங்கி ஓர் அறை கொடுத்திருந்தால்கூட இப்படி எரிந்திருக்காது.

மன்னித்துவிடுங்கள் மாமா என்றாள். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. இன்றைக்கும் வகுப்பு உண்டா, அதே பிள்ளைகள்தானா என்று விசாரித்தார். மூன்றரைக்கு, அதே பிள்ளைகள்தான், இரண்டாம் நாள் வகுப்பு என்றாள்.

"அப்போ போய்ச் சொல்லு. நேத்து சொன்னது கட்டுக்கதை, அப்படி ஒரு ஆளே கிடையாதுன்னு சொல்லு."

மைக் நிமிர்ந்து பார்த்தாள். அது பொய் மாமா, அந்த வகுப்பில் பொய் சொல்லக் கூடாது என்று வாய்வரை வந்தது. என்ன யோக்கியதையில் சொல்வது? இருந்தாலும், அவங்க பயப்படறதுதான் மாமா தப்பு, அதை நான் விளக்கிச் சொல்கிறேன், ஊசி குத்திய ரத்தம் பட்ட துணியிலிருந்தெல்லாம் வராது என்று புரியவைக்கிறேன் என்று கெஞ்சினாள்.

"புரிஞ்சுக்கட்டும். நல்லா புரியவை. ஆனா என்னை வெச்சுப் புரியவைக்காதே." மாமாவின் குரல் அப்போதுதான் உடைந்தது. "காலையில அந்தப் பொண்ணுங்க முன்னாடி விரலை நீட்டிக்கிட்டு நின்னேன் பாரு, இன்னும் கூசுது. எட்டு வருஷமா ஒருத்தர் கண்ணுலயும் அந்தப் பார்வை வராம பார்த்துக்கிட்டேன். இந்தக் கதை என்னோடது, மைக்கு. எடுக்கறப்போ என்னைக் கேக்கல. இப்போ நான் கேக்கறேன். திருப்பிக் குடுத்துடு."

அதற்கு மேல் அவளால் என்ன பேச முடியும்? சரி மாமா என்றாள். மாமா மறுபடி காலை மிதியில் வைத்தார். அவள் குனிந்து வெளியே வரும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

* * *

மூன்றரை மணிக்கு வகுப்பில் நாற்பத்திரண்டு பேரும் இருந்தார்கள். ஒருவர்கூடக் கட்டடிக்கவில்லை. மைக் உள்ளே நுழைந்ததும் குசுகுசுப்பு நின்றது. நேற்று இந்த மரியாதைக்குத்தான் ஆசைப்பட்டாள்.

எப்படி ஆரம்பிப்பது என்று படியேறும்போது நான்கு விதமாக யோசித்து வைத்திருந்தாள். நான்கும் மறந்துவிட்டன.

"நேத்து நான் ஒருத்தரைப் பத்திச் சொன்னேன்ல? அப்படி யாரும் கிடையாது. நீங்க யாரும் கவனிக்கலைன்னு நானா கட்டிச் சொன்ன கதை. தப்புதான். மன்னிச்சுக்கோங்க."

முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு ஒரு பக்கத்திலிருந்து 'அட' என்றார்கள். மூன்றாவது பெஞ்சில் இருந்த ஒருவன், நாங்கள் யாரையோ நினைத்துக்கொண்டு கோட்டே வேண்டாம் என்று சொல்லிவிட்டோமே அக்கா என்று தலையில் அடித்துக்கொண்டான். காலையில் கையைத் துடைத்துக்கொண்ட பெண் 'அப்பாடா' என்று பெருமூச்சு விட்டாள். ரெப் எழுந்து, வகுப்பு முடிந்ததும் நானே போய் மாஸ்டரிடம் மன்னிப்புக் கேட்டு எல்லாக் கோட்டையும் வாங்கி வந்துவிடுகிறேன் என்றாள். எல்லோர் முகமும் தெளிந்துவிட்டது. ஜன்னலைத் திறந்துவிட்ட மாதிரி வகுப்பில் ஒரே பேச்சும் சிரிப்பும்.

மாமாவின் கடை பிழைத்தது. மைக்குக்கு அழுகைதான் வந்தது. அப்படி ஓர் ஆள் உலகத்தில் இல்லை என்றதும் இவர்களுக்கு எவ்வளவு சந்தோஷம்! நேற்று விடாமல் கைதட்டினார்களே, அது என்ன கைதட்டல்? சரி, போகட்டும், இன்றைக்கு இன்னொரு மணி நேரம் இருக்கிறது, முதலிலிருந்து சொல்லிக்கொடுப்போம் என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். இரண்டாவது நாள் வகுப்பை எப்போதும் பெட்டியில் இருந்துதான் தொடங்குவார்கள். வாசலுக்குப் போய்ப் பெட்டியை எடுத்து வந்து மேஜை மேல் கவிழ்த்தாள்.

காலையிலிருந்து ஐந்து சீட்டு விழுந்திருந்தது. சீட்டை முதலில் மனதுக்குள் படித்துவிட்டுத்தான் உரக்கப் படிக்க வேண்டும் என்பது பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது. முதல் சீட்டு, டெஸ்ட் எங்கே இலவசமாக எடுப்பார்கள் என்று கேட்டது. படித்தாள், பதில் சொன்னாள். இரண்டாவது, பச்சை குத்திக்கொண்டால் வருமா என்பது. ஒவ்வொருவருக்கும் புது ஊசியாக இருந்தால் வராது என்றாள். குரல் கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய நிலைக்கு வந்துகொண்டிருந்தது.

மூன்றாவது சீட்டு எட்டாக மடிக்கப்பட்டிருந்தது. யாருடைய கையெழுத்து என்று தெரியக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக, நிறுத்தி நிறுத்தி எழுதியிருந்தார்கள்.

'நேத்து நீங்க சொன்னவரைப் பத்தி ராத்திரி முழுக்க நினைச்சுக்கிட்டே இருந்தேன். எனக்கும் இருக்கு. ரிசல்ட் வந்து மூணு மாசம் ஆச்சு. வீட்ல யாருக்கும் தெரியாது. மாத்திரை ஆரம்பிக்கச் சொன்னாங்க, நான் திரும்பப் போகவே இல்லை. போய் என்ன ஆகப்போகுதுன்னு விட்டுட்டேன். எட்டு வருஷமா அவர் நல்லா இருக்கார்னா நானும் நாளைக்குப் போறேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அவர் நிஜம்தானே?'

மைக் அதை இரண்டாவது தடவை படித்தாள். மூன்றாவது தடவை எழுத்துகள் கலங்கிவிட்டன.

எழுதியவர் இந்த அறையில்தான் இருக்கிறார். பத்து நிமிடத்துக்கு முன்னால், அவள் வாயாலேயே, அப்படி யாரும் கிடையாது என்று கேட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார். முன் பெஞ்சிலா, பின் பெஞ்சிலா, ஆணா, பெண்ணா, ஒன்றும் தெரியவில்லை. வரிசை வரிசையாகப் பார்த்தாள். எல்லா முகமும் ஒரே மாதிரி அவளைப் பார்த்தது. நிஜம் என்று சொன்னால் மாமாவை மறுபடியும் தெருவில் நிறுத்த வேண்டும். சொல்லாவிட்டால் நாளைக்கு ஒருவர் மாத்திரை வாங்கப் போகமாட்டார்.

என்ன அக்கா, என்ன எழுதியிருக்கு என்று ரெப் கேட்டாள். எங்களுக்கும் சொல்லுங்கள் என்று இன்னும் நாலு பேர் குரல் கொடுத்தார்கள். சீட்டை மடித்துப் பைக்குள் போட்டுக்கொள்ளத்தான் நினைத்தாள். ஆனால் அந்த ஒருவர் பதிலுக்குக் காத்திருக்கிறாரே என்ற எண்ணத்தில், கடைசி வரி மட்டும் அவள் வாயிலிருந்து வந்துவிட்டது.

"அவர் நிஜம்தானே?"

பதிலுக்கு அவள் வாயெடுப்பதற்குள் மூன்றாவது பெஞ்சுக்காரன் முந்திக்கொண்டான். "கதை விட்டேன்னு இப்போதானே அக்கா ஒத்துக்கிட்டீங்க? இவங்க எந்த லோகத்துல இருக்காங்க?"

வகுப்பு முழுவதும் சிரித்தது. நாற்பத்திரண்டு முகத்தையும் மைக் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சிரிக்காத ஒரே ஒரு முகத்தைக் கண்டுபிடித்துவிடலாம் என்று பார்த்தாள். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எழுதியவரும் சேர்ந்துதான் சிரித்துக்கொண்டிருந்தார்.